ஐசியூ வாசலில் கேட்க ஓர் ஆள்

உங்கள் கேள்வி சிறியதுதான். அண்ணாவுக்கு 41 வயது, திருகோணமலையில் வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது, அவர் இரத்தம் ஏ வகை, உங்களுடையது பி வகை, ஆகவே உங்கள் சிறுநீரகம் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில்போல, மறுத்து எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோரும் உறுப்புக் கொடையாளர்தான் என்று இலங்கையிலும் சட்டம் போட்டால் இந்தத் தட்டுப்பாடு தீராதா என்று கேட்கிறீர்கள். கேட்பது சட்டத்தைப் பற்றி. ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: ஒவ்வொரு நாளும் இத்தனை பேர் இறக்கிறார்கள், இத்தனை சிறுநீரகங்கள் மண்ணுக்கும் நெருப்புக்கும் போகின்றன, என் அண்ணாவுக்கு ஒன்றே ஒன்று ஏன் கிடைக்கவில்லை? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் சிறுநீரக வைத்தியர் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 26 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் கட்டிலருகே நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். அண்ணாவின் உடல்நிலையைப் பற்றி அவரைப் பார்க்கிற வைத்தியர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

முதலில் ஒரு கணக்கு. இறப்பவர்கள் எல்லோரிடமிருந்தும் சிறுநீரகம் எடுக்க முடியாது. இதயம் நின்று இரத்த ஓட்டம் அற்றுப்போனால், கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரகமும் கல்லீரலும் கெடத் தொடங்கிவிடும். இதயம் நின்ற கையோடு எடுக்கும் முறையும் சில நாடுகளில் உண்டு, ஆனால் அதற்கு மிகப் பெரிய ஆயத்தம் வேண்டும். நம்மைப் போன்ற இடங்களில் நடைமுறைக்கு வருவது ஒரே வழிதான். தலையில் பலத்த அடிபட்டோ, மூளையில் இரத்தம் கசிந்தோ ஐசியூவுக்கு வந்து, வென்டிலேட்டரில் இருக்கும்போதே மூளை முழுவதுமாக இறந்து, இதயம் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிற ஒருவர். அவரிடமிருந்துதான் எடுக்கலாம். நூறு மரணங்களில் ஒன்றுகூட இப்படி அமைவதில்லை. வீட்டில் 80 வயதில் கண்மூடுகிறவர் எத்தனை கொடை அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவருடைய கண்ணை எடுக்கலாம், சிறுநீரகத்தை எடுக்க முடியாது. அதனால், நாட்டில் எத்தனை லட்சம் பேர் கொடையாளராகப் பதிந்தார்கள் என்பதைவிட, அந்தச் சில கட்டில்களில், அந்த ஒன்றிரண்டு நாட்களில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் அண்ணாவின் விஷயத்தைத் தீர்மானிக்கிறது.

என்ன நடக்கிறது? ஒரு நாளைச் சொல்கிறேன். எந்த வைத்தியசாலை, எந்த ஆண்டு என்பது வேண்டாம். மோட்டார் சைக்கிள் விபத்து, 23 வயதுப் பொடியன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கண்மணிகளும் விரிந்துபோய் டோர்ச் வெளிச்சத்துக்கு அசையவில்லை. சளி உறிஞ்சும் குழாயைத் தொண்டைக்குள் விட்டபோது இருமல் வரவில்லை. தாய் உள்ளே வந்தார். போர்வைக்குள் கையை விட்டு அவன் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கால் சூடாத்தானே கிடக்கு, பிள்ளை." வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன்: "மூளை வேலை செய்யேல்லையாம், அம்மா." அவர் அதை மயக்கம் என்று எடுத்துக்கொண்டார். மயக்கம் தெளிய வேண்டும் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். மூளைச்சாவுச் சோதனை முறைப்படி செய்யப்படவே இல்லை. அதைச் செய்யுங்கள் என்று கேட்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. ஐந்தாம் நாள் விடியப்புறம் இதயம் நின்றது. அந்தியேட்டி முடிந்து சில நாட்களில் தகப்பன் ஏதோ ஒரு கடிதத்துக்காக வந்தார். என்னைக் கண்டுபிடித்துக் கேட்டார்: "அவன்ர கண்ணையாவது கிட்னியையாவது ஆருக்கும் குடுத்திருக்கலாமே. பிறகுதான் பேப்பரில படிச்சனான். ஏன் எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அவரைச் சட்டம் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. இறந்தவர் உயிரோடு இருக்கும்போது எழுத்தில் சம்மதித்திருந்தாலும், இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர் சம்மதித்தாலும், உறுப்பை எடுக்க அது இடம் தருகிறது, விற்பதைத் தடை செய்கிறது. அந்தத் தகப்பனுக்கு வேண்டியிருந்தது புதிய சட்டம் இல்லை. சரியான நேரத்தில், சரியான மொழியில், முதலில் "உங்கள் மகன் இறந்துவிட்டார்" என்று சொல்லி, அழ விட்டு, அப்புறம் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இதற்கு உலகத்தில் மிகத் தெளிவான சாட்சி ஸ்பெயின். மறுக்காதவர் சம்மதித்தவர் என்கிற சட்டம் அங்கே 1979இலேயே வந்துவிட்டது. பத்து வருடம் போயும் பெரிய மாற்றம் இல்லை. பத்து லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 14 கொடையாளர் என்ற அளவில்தான் நின்றது. 1989இல் தேசிய மாற்றுறுப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள், ரஃபாயேல் மத்தேசான்ஸ் என்ற சிறுநீரக வைத்தியர் அதை நடத்தினார். வைத்தியசாலைகளில் இதற்கென்று ஓர் இணைப்பாளரை வைத்தார்கள். அவர் பெரும்பாலும் அதே ஐசியூவில் வேலை செய்கிற வைத்தியர்தான். யார் மூளைச்சாவை நோக்கிப் போகிறார் என்று பார்ப்பது, சோதனை நடக்கிறதா என்று கவனிப்பது, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது, இதுதான் அவர் வேலை. அடுத்த பத்து வருடத்தில் அந்த 14 முப்பதைத் தாண்டியது, அண்மை ஆண்டுகளில் 45ஐயும் தாண்டியிருக்கிறது. உலகத்தில் முதல் வரிசை. இவ்வளவுக்கும் அந்தச் சட்டம் புத்தகத்தில்தான் இருக்கிறது. குடும்பம் வேண்டாம் என்றால் ஸ்பெயினில் எடுப்பதில்லை. சட்டத்தால் இது நடக்கவில்லை என்று மத்தேசான்ஸே பல தடவை எழுதியிருக்கிறார்.

மற்றப் பக்கமும் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன சிங்கப்பூரில் சட்டம் 1987இல் வந்தது, முஸ்லிம்களை 2008இல்தான் சேர்த்தார்கள். இத்தனைக்கும் பிறகும் இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கொடை அங்கே பத்து லட்சத்துக்குப் பத்தைத் தொடவில்லை. வேல்ஸ் 2015இலும் இங்கிலாந்து 2020இலும் இதே சட்டத்தைக் கொண்டு வந்தன. வேல்ஸில் மெதுவாகக் கொஞ்சம் ஏறியது. இங்கிலாந்தில் குடும்பங்கள் சம்மதிக்கும் வீதம் முன்பு இருந்ததைவிடக் குறைந்துபோனது. கோவிட் காலத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள், அது நியாயம். அதனால் இந்தச் சட்டம் பயனே இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். ஆட்களும் பயிற்சியும் பணமும் கூடவே வந்த இடங்களில் அது ஓரளவு உதவியிருக்கலாம். ஆராய்ச்சியாளர்களுக்கிடையே இன்னும் வாக்குவாதம் இருக்கிற விஷயம் இது. ஆனால் ஒன்று உறுதி: ஏற்பாடு இல்லாமல் சட்டம் மட்டும் எங்கேயும் தட்டுப்பாட்டைத் தீர்க்கவில்லை.

நம் நாட்டில் அந்தச் சட்டத்துக்கு எதிராக எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இது என் கருத்து, ஆனால் இந்த மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, அடக்கம் செய்வதால் ஆபத்து இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், அரசு எரித்தது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கிண்ணியாவிலும் மூதூரிலும் அதை மறந்தவர்கள் இல்லை. தமிழ்ப் பக்கத்தில், போரில் பிள்ளையைக் காணாமல் கொடுத்து, எரிக்கவோ புதைக்கவோ ஓர் உடம்பு கிடைக்காமலே இருக்கிற தாய்மார் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். 2004 சுனாமியில் உடல் கிடைக்காத குடும்பங்கள் கடற்கரை முழுக்க. இந்த மண்ணில் போய், நீங்கள் மறுக்காவிட்டால் உங்கள் உடம்பு எங்களுடையது என்று அரசாங்கம் சொன்னால், அதை மக்கள் கொடை என்று கேட்கமாட்டார்கள். பறிப்பு என்றுதான் கேட்பார்கள். மறுப்புப் படிவத்துக்கு வரிசை நிற்கும், இப்போது கேட்டால் தருகிறவர்களும் போய்விடுவார்கள். கேட்டு வாங்குவதுதான் இங்கே ஒரே வழி.

கேட்டால் தருவார்களா? தருவார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்கு முதல் கண்களை அனுப்பியது. அதிலிருந்து இன்றுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளவர்கள் இலங்கையரின் கண்ணால் பார்க்கிறார்கள். தன் தேவை போக வெளியூருக்கும் கண் கொடுக்கிற நாடு, தன் சிறுநீரக நோயாளிகளுக்குச் சிறுநீரகம் இல்லாமல் நிற்கிறது. அதே மக்கள், அதே மதங்கள், அதே செத்தவீடுகள். பௌத்தர்களின் தான நம்பிக்கை இதற்குப் பெரிய காரணம் என்பது உண்மைதான். ஆனால் நம்பிக்கை மட்டும் கண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. செத்தவீட்டிலிருந்து தகவல் போனால், மரணம் நடந்து நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் ஆள் வரும். எடுத்து முடிந்ததும் இமை மூடியிருக்கும், முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, பெட்டி எடுக்கிற நேரம் தள்ளிப்போகாது. அந்த ஏற்பாட்டை ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய் உண்டாக்கினார். கிட்னிக்கு அப்படி ஒரு ஏற்பாட்டை நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

கடல் தாண்டினால் தமிழ்நாடும் இதையே சொல்கிறது. 1994இலேயே இந்தியாவில் சட்டம் வந்தும், தமிழ்நாட்டில் இறந்தவர் கொடை வேகம் எடுத்தது 2008இல்தான். அந்த ஆண்டு அரசு வரிசையாக ஆணைகள் போட்டு, எந்த உறுப்பு எந்த வைத்தியசாலைக்கு, எந்த ஒழுங்கில் என்று ஒரே பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதே 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் வைத்தியர்கள், அவர்களே முன்வந்து கொடுத்தார்கள். சென்னைப் பொலிஸார் வீதியை ஒதுக்கிக் கொடுக்க, இதயம் நகரத்தைக் கடந்து ஒரு சிறுமியிடம் போய்ச் சேர்ந்தது. ஊரே அதைப் பேசியது. ஆனால் அந்தப் பேச்சு அடங்கிப்போகாமல் இருந்ததற்குக் காரணம், அடுத்த குடும்பம் சம்மதித்தபோது அதைக் கையேற்க ஓர் அமைப்பு தயாராக இருந்ததுதான். 2023 முதல், உறுப்புக் கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அங்கே அரச மரியாதையோடு நடக்கிறது. இப்படி ஒரு மரியாதை இங்கேயும் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி, கேட்பதற்கு முன்னால் நடக்க வேண்டியது. மூளைச்சாவு என்றால் என்ன, அதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று தெரியாத வரைக்கும் "கால் சூடாகத்தானே இருக்கிறது" என்ற அந்தத் தாயின் பயம் யாருக்கும் போகாது. ஆகவே இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். முதலில் காரணம் தெரிந்திருக்க வேண்டும்: ஸ்கானில் மூளைச் சேதம் தெரிய வேண்டும். மயக்க மருந்து, உடம்பு குளிர்ந்துபோதல், உப்புச் சத்துக் குழப்பம், நஞ்சு இவை எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இந்த நஞ்சு விஷயம் நம் பகுதியில் மிக முக்கியம். கட்டுவிரியன் கடித்தவர் சில சமயம் கண்மணி விரிந்து, அசைவில்லாமல், மூச்சில்லாமல், மூளை இறந்தவர் போலவே கிடப்பார். மூளைக்கு ஒன்றும் ஆகியிராது. வென்டிலேட்டரில் வைத்துப் பார்த்தால் சில நாட்களில் எழும்பி வீட்டுக்குப் போவார். அதனால்தான் எங்களுக்குப் படிப்பித்தவர்கள் "முதலில் பாம்பை யோசி" என்பார்கள். இவையெல்லாம் கழிந்த பிறகுதான் சோதனை. கண்ணில் வெளிச்சம் அடிப்பது, விழியைப் பஞ்சால் தொடுவது, தொண்டையைத் தூண்டுவது. காதுக்குள் 50 மில்லிலீட்டர் ஐஸ் தண்ணீரை மெதுவாக விடுவோம். மூளைத்தண்டில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் கண்கள் ஒரு பக்கம் இழுபடும். இறந்திருந்தால் பொம்மையின் கண்போல நடுவிலேயே நிற்கும். கடைசியாக மூச்சுச் சோதனை. ஒக்சிஜன் கொடுத்தபடி வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, நெஞ்சையும் வயிற்றையும் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்போம். இரத்தத்தில் கரியமிலவாயு ஏறிக்கொண்டே போகும். உயிருள்ள மூளை அதைத் தாங்காது, ஒரு மூச்சாவது இழுக்க வைக்கும். எட்டுப் பத்து நிமிடம் ஒரு சிறு அசைவும் வராமல் அந்த நெஞ்சு கிடப்பதைப் பார்த்தவருக்கு அப்புறம் சந்தேகம் இருக்காது. உறவினர் ஒருவர் விரும்பினால் அந்த நேரத்தில் உள்ளே நிற்க விட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதையெல்லாம் செய்கிற வைத்தியர்களுக்கும் உறுப்பு பொருத்துகிற குழுவுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது, ஒரு வைத்தியர் மட்டும் முடிவு செய்யவும் கூடாது. சோதனை முறைப்படி நடந்தால், மூளைச்சாவு என்று சொல்லப்பட்டவர் திரும்பி வருவதில்லை. இந்தப் பதிலில் நான் முழு நிச்சயத்தோடு சொல்கிற விஷயம் இதுதான்.

சரி, என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் எதை முதலில் மாற்றுவேன் என்று கேட்டால், வென்டிலேட்டர் உள்ள ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் பெயர் சொல்லி ஓர் இணைப்பாளர், அவருக்குச் சம்பளம், இரவிலும் அழைக்கத் தொலைபேசி. திருகோணமலையில் அவருக்குத் தமிழும் சிங்களமும் இரண்டும் ஓட வேண்டும், சம்மதப் படிவம் குடும்பத்தின் மொழியில் இருக்க வேண்டும். மூளைச்சாவுச் சோதனையை, கொடை கிடைக்குமா இல்லையா என்று பார்க்காமல், எல்லோருக்கும் வழமையாகச் செய்ய வேண்டும். கொடுக்காத குடும்பத்துக்கும் அது தேவை. இல்லாத நம்பிக்கையில் அவர்கள் ஐந்து நாள் வாசலில் படுத்துக்கிடக்க வேண்டியதில்லை. அப்புறம் விபத்தில் இறந்தவர் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி, சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ் மூன்று பேரும் வர வேண்டும். பகலில் வருவார்கள். இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணித்தியாலத்துக்குள் வருவது என்று எழுதிவைத்த ஒழுங்கு இருக்க வேண்டும். ஏனென்றால் மூளை இறந்த உடம்பு காத்திருக்காது. சிறுநீர் லீட்டர் கணக்கில் போகும், இரத்த அழுத்தம் விழும், உப்பு ஏறும், சூடு இறங்கும். ஒரு தாதி வேறு நோயாளியைப் பார்க்காமல் அந்தக் கட்டிலோடேயே நிற்க வேண்டும். ஆள் குறைந்த ஐசியூவில் அது லேசான வேலை இல்லை. அதற்கும் ஆள் கொடுக்காமல் கொடையைக் கூட்டு என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பிப் பலனில்லை.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இங்கிருந்து எப்படிக் கொண்டுபோவது" என்று பலர் கையை விரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எடுத்த இதயத்துக்கு ஏறத்தாழ நாலு மணித்தியாலம்தான் அவகாசம். உறுப்பு பொருத்துகிற வசதியுள்ள கண்டிக்கு ரோட்டால் கொண்டுபோவது நடக்காது. சீனக்குடா விமானத் தளத்திலிருந்து ஹெலிகொப்டர் வேண்டும். ஆனால் சிறுநீரகம் ஐஸில் 24 மணித்தியாலம்வரை தாங்கும். அம்புலன்ஸ் ஒன்று கந்தளாய், ஹபரணை வழியாக இரவில் யானைக்குப் பயந்து மெதுவாகப் போனாலும் விடிய முன்னம் கண்டிக்குப் போய்விடும். அனுராதபுரமும் பொலன்னறுவையும் அதைவிடக் கிட்ட. ஆகவே இறந்தவரை வேறு மாவட்டத்துக்கு ஏற்றிப்போகாமல், எடுக்கிற குழு இங்கே வர வேண்டும். உடம்பு இந்த ஊர் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போக வேண்டும், செலவை அரசு ஏற்க வேண்டும். பையனை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், பெட்டி எப்போது திரும்பி வரும் என்று தெரியாமல் உட்கார எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. முஸ்லிம் வீடென்றால் ஜனாஸா தாமதமாகக் கூடாது என்பது இன்னும் முக்கியம்.

மதம் தடுக்கிறது என்பார்கள். நான் பார்த்ததில் மதத்தைவிட, மதம் என்ன சொல்கிறது என்று தெரியாததுதான் தடுக்கிறது. இஸ்லாமிய சட்ட அறிஞர்களின் சர்வதேச மன்றம் 1988இல் ஜித்தாவில் கூடி, நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றுக்கு அனுமதி சொல்லிவிட்டது. மூளைச்சாவை ஏற்பதில் மார்க்க அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஊர்ப் பள்ளிவாசலில் ஆலிமைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க நேரம் கொடுக்க வேண்டும். பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டில் உறுப்பு மாற்று வைத்தியர்கள் முன்னாலேயே இதை அன்பின் செயல் என்று பேசினார். நம் சைவ வீடுகளில் "அடுத்த பிறப்பில் கண்ணில்லாமல் பிறப்பான்" என்று ஒரு பயம் இருக்கிறது. கண்ணைத் தோண்டி ஈசனுக்கு அப்பிய கண்ணப்பரை நாயனார் என்று கும்பிடுகிறோம். அதை எடுத்துச் சொன்ன ஒரு குருக்களை எனக்குத் தெரியும். அவர் சொன்ன பிறகு அந்த வீட்டில் அழுகைதான் மிச்சம் இருந்தது, பயம் இல்லை.

விலை கொடுத்து வாங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த நிலையில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு தரகர் எப்படியோ தேடி வருவார், ஆகவே சொல்கிறேன். ஈரானில் 1988 முதல் அரசாங்க ஏற்பாட்டில் சிறுநீரகத்துக்குப் பணம் கொடுக்கப்படுகிறது, காத்திருப்போர் பட்டியல் குறைந்தது என்று அதை ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள். விற்றவருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வு வந்தது. 96 வீதமானவர்கள் கடன் அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். ஆய்வு நடந்தபோது முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது, குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது, 86 வீதமானவர்கள் உடம்பு முந்தியைவிட மோசம் என்றார்கள். கொழும்பிலும் இந்த வியாபாரம் நடந்து, 2016இல் இந்தியப் பொலிஸ் விசாரணையில் வெளிவந்த பிறகு, வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் பொருத்துவதை அரசு நிறுத்த வேண்டிவந்தது. தரகரின் சிறுநீரகம் சட்டத்துக்கு மட்டும் விரோதம் இல்லை. யாருடையது, என்ன நோய், என்ன பரிசோதனை என்று ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் உறவுக்குத் தானம் செய்கிற கூலித் தொழிலாளிக்குப் போன நாட்கூலி, பஸ் செலவு, வாழ்நாள் முழுக்க இலவசப் பரிசோதனை, இவற்றை அரசு கொடுப்பது விலை அல்ல. அது கடமை, அதைச் செய்தால் உயிருள்ள கொடையாளர்கள் கூடுவார்கள் என்று நம்புகிறேன். தானே கொடையாளராகப் பதிந்தவருக்குப் பட்டியலில் முன்னுரிமை என்று இஸ்ரேல் 2008இல் ஒரு சட்டம் போட்டது. அது இங்கே சரிவருமா என்பதில் எனக்கு இரண்டு மனம்.

இனி உங்கள் அண்ணா. ஏ, பி பொருந்தாது என்றதோடு உங்கள் வாசல் மூடிவிடவில்லை. கிண்ணியாவிலோ கந்தளாயிலோ நோயாளி பி வகையும், கொடுக்க முன்வந்தவர் ஏ வகையுமாக ஒரு குடும்பம் இருக்கலாம். உங்கள் சிறுநீரகம் அங்கே, அவர்களுடையது இங்கே. தென்கொரியாவில் 1991இல் தொடங்கிய முறை இது. இப்படி ஜோடி சேர்க்கிற கணக்கை ஒழுங்குபடுத்தியதும் சேர்ந்துதான் அல்வின் ரோத் என்ற பொருளாதார அறிஞருக்கு 2012இல் நோபல் பரிசைத் தந்தது. யாரும் கடைசி நேரத்தில் பின்வாங்காதபடி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் சத்திரசிகிச்சை செய்வார்கள். நாடு முழுவதற்கும் இப்படிப்பட்ட ஜோடிகளின் பட்டியல் ஒன்று வைப்பது அதிகம் பணம் வேண்டாத சீர்திருத்தம்; இதை ஏன் இன்னும் பெரிதாகச் செய்யவில்லை என்பது என் மனத்தாங்கல். உங்கள் சிறுநீரக வைத்தியரிடம் இதை நேரே கேளுங்கள், உயிருள்ளவர் கொடுப்பதை அனுமதிக்கிற குழுவின் சம்மதமும் வேண்டும். வேறு சகோதரங்கள் இருந்தால் அவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு இழையம் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு உண்டு. கொடுப்பவருக்கு ஆபத்து இல்லவே இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். சத்திரசிகிச்சையில் இறப்பது பத்தாயிரத்தில் மூன்று பேர் அளவில். பிற்காலத்தில் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பும் சிறிது கூடும். சிறிய ஆபத்துதான், ஆனால் கொடுப்பவர் அதைத் தெரிந்து கொடுக்க வேண்டும். பொருத்திய பிறகு மருந்து வாழ்நாள் முழுக்க. ஒரு வேளையும் தப்பக் கூடாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பொருத்தியவர்கள் பட்ட பயத்தை நான் கண்டேன், ஆகவே கையில் எப்போதும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வைத்திருக்கப் பாருங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அண்ணாவின் கொப்பியையும் கொண்டுபோய், மாற்றுச் சிறுநீரகத்துக்கான பரிசோதனைகள் தொடங்கிவிட்டனவா, இறந்தவர் கொடைக்கான பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். ஏறாமலே பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். இரத்தம் குறைந்தால் உடனே இரத்தம் ஏற்றாமல் ஊசி மருந்தால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை வேறொருவர் இரத்தம் ஏறும்போதும் உடம்பில் எதிர்ப்பொருள் கூடி, பின்னால் பொருத்தம் கிடைப்பது கஷ்டமாகும். இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருந்தால், அந்தக் கையில் ஊசி குத்தவோ, பிரஷர் பார்க்கவோ, அதன்மேல் தலை வைத்துப் படுக்கவோ விடாதீர்கள். காலையில் எழுந்ததும் விரலை வைத்து அதன் அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க அவருக்குப் பழக்குங்கள். அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த முறைவரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.